நாங்களும் நாமும்: கத்தோலிக்கப் பள்ளிச் சமூகத்தில் இன நீதி



இன்றைய பொழிவின் தலைப்பில் இரண்டு மூவிடப் பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் தன்மைப் பன்மையே. முன்னிலையாரை விலக்கிப் பேசும்போது ‘நாங்கள்’ என்கிறோம். அவரையும் உட்படுத்திப் பேசும்போது ‘நாம்’ என்கிறோம். பிந்தியதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் கூறும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. நம்மைச் சூழ்ந்து வழங்கும் மலாய் மொழியில் உண்டு. ‘காமி’ என்பது நாங்கள், ‘கீத்தா’ என்பது நாம். ஆகவே இந்த மண்ணில் வாழும் தமிழ் மாணவர் ஒருவர் தம் தாய்மொழியிலும் அண்டை மொழியிலும் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் யாரைச் சேர்க்கிறோம், யாரை விலக்குகிறோம் என்று தீர்மானித்தே பேசுகிறார்.

ஒரு பள்ளிச் சமூகம் எப்போது ‘நாங்கள்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்கு நகர்கிறது, அந்நகர்வுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதே இன்று என் ஆய்பொருள். இதற்கு அமெரிக்க நாட்டின் கத்தோலிக்கக் கல்வி வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். எல்லா மனிதரும் ஒரே இறைவனின் பிள்ளைகள் என்று நாள்தோறும் கற்பித்த பள்ளிகள், நெடுங்காலம் தோலின் நிறம் பார்த்துச் சேர்க்கை நடத்தின. கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு, அது எவ்வாறு குறைக்கப்பட்டது என்பதை அறிய இது நல்ல களம்.

துணைநிற்றலும் அறத்தொடு நிற்றலும்

ஒடுக்கப்பட்டோர் அல்லாத ஒருவர், ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காகத் தம் இடத்தையும் செல்வாக்கையும் பயன்படுத்தி நிற்பதை ஆங்கிலத்தில் ‘அலைஷிப்’ என்று அழைக்கின்றனர். ‘அலை’ என்னும் அச்சொல்லின் வேர் ‘அல்லிகாரே’ என்னும் இலத்தீன் வினை. கட்டுதல், பிணைத்தல் என்பது அதன் பொருள். இதற்குத் தமிழில் தோழமை, துணைநிற்றல், உடன்நிற்றல் முதலிய சொற்களை ஆளலாம். எனினும் அக்கருத்தின் உள்ளமைப்பை விளக்க நம் இலக்கணத்தில் ஒரு துறையே இருக்கிறது. அதுதான் அறத்தொடு நிற்றல்.

அகத்திணையில் தலைவியின் காதல் வெளிப்பட வேண்டிய நெருக்கடி நேரும்போது, தலைவி தோழிக்கு அறத்தொடு நிற்பாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் அறத்தொடு நிற்பர். இம்முறையில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பேச்சு தலைவியிடமிருந்து தொடங்குகிறது. அவள் உள்ளம் அறியாமல் தோழி தானாக எதையும் சொல்வதில்லை. இரண்டாவது, ஒவ்வொருவரும் தமக்கு எட்டும் இடத்தில், தம் சொல்லுக்குச் செவிகொடுக்கும் ஒருவரிடம் பேசுகின்றனர். மூன்றாவது, பேசுபவர்க்கு இழப்பு நேரக்கூடும். செவிலியின் சினம் தோழியின் மேலும் பாயும். தொல்காப்பியம் இதற்கு எழுவகை வழிகளைக் கூறுகிறது. தலைவனின் எளிமையைச் சொல்வதில் தொடங்கும் அவ்வரிசையில் உண்மையை உள்ளவாறே உரைப்பது இறுதியாக நிற்கிறது.

களவொழுக்கமும் இன நீதியும் வேறு வேறு பொருள்கள் என்பதை நான் மறக்கவில்லை. பேச்சின் அமைப்பு மட்டுமே இங்கு ஒப்பிடத்தக்கது. பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேட்பது, தம் வட்டத்தில் தாமே பேசுவது, அதன் விளைவை ஏற்பது ஆகிய மூன்றும் இருந்தால் அது துணைநிற்றல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வெறும் இரக்கமாகவோ விளம்பரமாகவோ சுருங்கிவிடுகிறது. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைக் காண்போம்.

செயிண்ட் லூயிஸ்: எழுந்து நிற்பதும் அதற்குப் பின்னும்

மிசூரி மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்பது அக்காலச் சட்டம். அம்மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில் இயேசு சபையார் நடத்திய பல்கலைக்கழகமும் கறுப்பின மாணவரைச் சேர்க்காதிருந்தது. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அங்குப் பேராசிரியராயிருந்த அருட்பணியாளர் கிளாட் ஹைத்தவுஸ், மாணவர் திருப்பலியில் மறையுரை ஆற்றினார். பல்கலைக்கழகத்தின் விலக்கு முறை தவறு என்று வெளிப்படையாகக் கண்டித்த அவர், உரையின் முடிவில் மாணவர்களை எழுந்து நின்று கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக மன்னிப்பு வேண்டும்படி கேட்டார். மாணவர்கள் எழுந்து நின்றனர். அவ்வாண்டுக் கோடையில் ஐந்து கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தனர்.

பெரும்பாலான நூல்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு நடந்ததுதான் நமக்குப் பாடம். வகுப்பறையில் இடம் பெற்ற கறுப்பின மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் நடன விருந்து போன்ற கூடுகைகளில் இடம் பெறவில்லை. ஹைத்தவுஸ் இதையும் எதிர்த்து எழுதினார். இம்முறை அவருக்குக் கிடைத்தது கண்டனமும் இடமாற்றமும். கோயிலில் எழுந்து நின்றோர்க்கு அன்று இழப்பு ஒன்றும் இல்லை. ‘எங்கள் வகுப்பில் நீங்களும் அமரலாம்’ என்று சொல்வது எளிதாக இருந்தது. ‘நம் விருந்து’ என்று சொல்லும் கட்டத்தில்தான் நிறுவனம் பின்வாங்கியது.

1946இல் செயிண்ட் லூயிஸ் பேராயராகப் பொறுப்பேற்றவர் ஜோசப் ரிட்டர். அடுத்த ஆண்டிலேயே தம் மறைமாவட்டப் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். பெற்றோர் சிலர் சங்கம் அமைத்து நீதிமன்றம் செல்ல முனைந்தனர். அக்கூட்டத்தில் ஏறத்தாழ 700 பேர் இருந்தனர். 1947 செப்டம்பரில் எல்லாப் பங்குகளிலும் வாசிக்கப்பட்ட மடலில், திருச்சபையின் அதிகாரத்திற்கு எதிராக வழக்குத் தொடுப்போர் சபையினின்று விலக்கப்படுவர் என்று பேராயர் எச்சரித்தார். வாஷிங்டனிலிருந்த திருத்தந்தையின் பதிலாளிடம் பெற்றோர் முறையிட்டனர், பயனில்லை. சில வாரங்களில் சங்கம் கலைந்தது. அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே இது நடந்தது.

ரிட்டர் பேசியது தம் மக்களிடம். கறுப்பினத்தவரைப் பொறுமை காக்கச் சொல்லாமல், வெள்ளையப் பெற்றோரைத் திருந்தச் சொன்னார். எட்டும் இடத்தில் பேசுதல் என்று முன்னர்க் கூறியது இதைத்தான்.

நியூ ஆர்லியன்ஸ்: காலத்தாழ்வின் விலை

லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் மறைமாவட்டத்தில் வரலாறு வேறு விதமாகச் சென்றது. அங்குப் பேராயர் ஜோசப் ரம்மல் 1956இல் இனப் பிரிவினை அறத்திற்கு மாறானது, பாவமானது என்று மடல் எழுதினார். கோட்பாட்டளவில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. ஆனால் எதிர்ப்பு வலுத்தது. பள்ளிகளின் கதவு திறப்பது ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயிற்று. 1960இல் அந்நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினச் சிறுமியர் காவலருடன் சென்று சேர்ந்தனர். கத்தோலிக்கப் பள்ளிகள் திறந்தது 1962 செப்டம்பரில்தான். அவ்வாண்டு ஏப்ரல் மாதம், எதிர்ப்பை முன்னின்று நடத்திய மூவரைப் பேராயர் திருச்சபையினின்று விலக்கினார்.

1956இல் ஆறு வயதாயிருந்த ஒரு கறுப்பினக் குழந்தைக்கு 1962இல் பன்னிரண்டு வயது. அக்குழந்தையின் தொடக்கக் கல்வி முழுவதும், பாவம் என்று தலைமையே அறிவித்துவிட்ட ஒரு முறைக்குள் கழிந்தது. பெரியவர்கள் ‘காலம் கனியட்டும்’ என்று சொல்லும்போது கழிவது குழந்தைகளின் காலம். பள்ளி நடத்துவோர் இக்கணக்கை மறக்கலாகாது.

கதவு திறக்கும் முன்பே கட்டப்பட்ட பள்ளிகள்

இதுவரை கூறியது பேராயர்களின் கதை. அதை மட்டும் சொன்னால், கறுப்பினத்தவர் வெளியே காத்திருந்தனர், வெள்ளையர் வந்து கதவைத் திறந்தனர் என்று பொருள்படும். அது பிழை. மேரிலாந்து அடிமை முறை நிலவிய மாநிலம். அதன் பால்டிமோர் நகரில் 1828இல் மேரி லாங்கே என்னும் கறுப்பினப் பெண்மணி கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு, ஆப்லேட் சகோதரிகள் என்னும் துறவற சபையைத் தோழியருடன் நிறுவினார். கறுப்பினப் பெண்கள் அந்நாட்டில் நிலைநாட்டிய கத்தோலிக்கத் துறவற சபைகளுள் அதுவே முதலாவது. அந்தப் பள்ளி, செயிண்ட் பிரான்சிஸ் அகாடமி என்னும் பெயரில் இன்றும் நடைபெறுகிறது. நியூ ஆர்லியன்ஸில் 1842இல் ஹென்றியெட் டெலில் தொடங்கிய திருக்குடும்பச் சகோதரிகள் சபையும் இவ்வாறே கல்விப் பணி ஆற்றியது. ரம்மலின் மடலுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது அது.

பின்னாளில் பல நகரங்களில் பள்ளிகள் ஒருங்கிணைக்கப்பட்டபோது வேறொன்று நிகழ்ந்தது. கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளிக்குச் சென்றனர். கறுப்பினத்தவரின் பங்குப் பள்ளிகள் பல மூடப்பட்டன. அங்கிருந்த ஆசிரியர்களும், ஒரு சமூகம் காசு சேர்த்துக் கட்டிய நினைவுகளும் புதிய பள்ளிக்கு உடன் செல்லவில்லை. ‘நாம்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கப்படுவோர் தம் பெயரையும் வரலாற்றையும் வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்றால் அங்கு நடப்பது இன்னும் ‘நாங்கள்’தான். எனவே சேர்க்கைப் பட்டியலில் எண்ணிக்கை கூடுவது மட்டும் இன நீதியாகாது.

ஜார்ஜ்டவுன்: எழுவாய் மறைந்த வாக்கியம்

1789இல் நிறுவப்பட்ட ஜார்ஜ்டவுன், அமெரிக்காவின் மிகப் பழமையான கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தம் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 மனிதரை லூசியானாத் தோட்ட முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். அப்பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. விற்பனையை நடத்திய தாமஸ் மல்லெடி, வில்லியம் மெக்ஷெரி ஆகிய இருவரும் அந்நிறுவனத்தின் தலைவர்களாக இருந்தவர்கள். அவர்கள் பெயரால் அங்குக் கட்டடங்களும் இருந்தன.

மொழியியல் மாணவனாக இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்நிகழ்ச்சியை நான் ‘1838இல் அடிமைகள் விற்கப்பட்டனர்’ என்றும் எழுதியிருக்கலாம். இலக்கணப்படி வழு இல்லை. ஆனால் செயப்பாட்டு வினையில் செயப்படுபொருள் எழுவாயாகி முன்னே வந்துவிடுகிறது. விற்றவர் ‘ஆல்’ உருபு ஏற்று வரவேண்டியவர், வராமலே போகலாம். விற்றது யார் என்ற வினாவுக்கு அவ்வாக்கியம் விடை கூறவேண்டியதில்லை. அவ்வாறே ‘அடிமை’ என்னும் பெயர்ச்சொல் ஒருவரின் நிலையை அவருடைய இயல்பு போலக் காட்டுகிறது. ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்னும் வினையாலணையும் பெயர், ஒருவர் இன்னொருவர்க்குச் செய்த செயலை உள்ளே வைத்திருக்கிறது. நீளமான சொல்தான், ஆயினும் மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும்போது அந்நீளம் வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் நிகழ்ந்த மாற்றத்தை ஒருவகையில் எழுவாயை மீட்ட முயற்சி என்று கூறலாம். 2015இல் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அமைத்து இவ்வரலாற்றை ஆராயத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் கட்டடங்களின் பெயரை மாற்றக் கோரி மாணவர்கள் தலைவர் அலுவலகத்தின் முன் அமர்ந்து போராடினர். பெயர்கள் நீக்கப்பட்டன. 2016இல், விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குச் சேர்க்கையில் முன்னாள் மாணவர் குடும்பத்தினர்க்குத் தரும் அதே கவனம் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 18ஆம் நாள் நடந்த வழிபாட்டில் இயேசு சபையின் தலைமை வழித்தோன்றல்களின் முன்னிலையில் மன்னிப்புக் கோரியது.

அன்றே இரு கட்டடங்களுக்கும் புதுப் பெயர் சூட்டப்பட்டது. ஒன்றன் பெயர் ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபம். விற்பனை ஆவணத்தில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த பெயர் அவருடையது. மற்றொன்று ஆன் மேரி பெக்ராஃப்ட் மண்டபம். 1805இல் பிறந்த அப்பெண்மணி ஜார்ஜ்டவுன் பகுதியில் கறுப்பினச் சிறுமியர்க்குப் பள்ளி நடத்தியவர். பின்னர் மேரி லாங்கேயின் சபையில் சேர்ந்து 1833இல் இளம் வயதிலேயே மறைந்தவர். விற்றவரின் பெயர் இருந்த சுவரில் இன்று ஓர் ஆசிரியையின் பெயர் இருக்கிறது.

மாணவர்கள் அத்துடன் நிற்கவில்லை. பெயர் மாற்றத்தால் வழித்தோன்றல்களின் வாழ்வில் என்ன மாறியது என்று கேட்டனர். 2019 ஏப்ரலில் இளநிலை மாணவரிடையே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பருவமும் தாம் ஒவ்வொருவரும் 27.20 டாலர் செலுத்தி வழித்தோன்றல்களின் நலனுக்கு நிதி சேர்ப்பது என்பது தீர்மானம். 272 என்னும் எண்ணை நினைவூட்டும் தொகை அது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர். பல்கலைக்கழகம் அக்கட்டணத்தை விதிக்கவில்லை. மாற்றாக, நன்கொடை வழியே ஆண்டுக்கு 4,00,000 டாலர் திரட்டுவதாக அறிவித்தது. 2021இல் வழித்தோன்றல்களுடன் இணைந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக இயேசு சபை உறுதியளித்தது.

இந்த வாக்கெடுப்பைப் பற்றி இருவகைக் கருத்து உண்டு. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் நிறுவனம் செய்ததற்கு இன்றைய மாணவர் ஏன் கட்டணம் செலுத்தவேண்டும் என்பர் ஒரு சாரார். அவ்வினா நியாயமானதே, கடன் பட்ட நிறுவனமே முதலில் அடைக்கவேண்டும். ஆயினும் ஆதரித்த மாணவர்கள், நாங்கள் படிக்கும் கட்டடமும் பெறும் பட்டமும் அப்பணத்தால் காப்பாற்றப்பட்ட நிறுவனத்திலிருந்து வருகின்றன, ஆகவே அதன் கணக்கிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்றனர். பள்ளியின் பெருமையைச் சொல்லும்போது ‘நாம்’ என்றும், குற்றத்தைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்றும் மூவிடப் பெயரை மாற்றிக்கொள்வது முறையன்று என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு இவ்வாதமே வலியதாகப் படுகிறது.

நம் வீட்டுச் சுவர்

இவற்றைக் கேட்கும் தமிழர் எவரும் இது பிறர் வீட்டுக் கதை என்று எண்ணுதல் வேண்டா. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயில், சாதிக்கொரு கையாக இரு கைகளாகக் கட்டப்பட்டது. ஒரே பீடம், ஒரே திருப்பலி; நடுவே தடுப்பு. 1910இல் அருட்பணியாளர் கௌசானல் அத்தடுப்பை அகற்றியபோது, அது மீண்டும் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர் தமிழரே. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினை கேட்டோர் தோற்றனர். நிறத்துக்கும் சாதிக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் செயிண்ட் லூயிஸ் பெற்றோர் 1947இல் நீதிமன்றத்தை நாடிய மனநிலை, வடக்கன்குளத்தில் அதற்கு முன்பே இருந்தது.

நம் நாடுகளிலும் 1850கள் தொட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகள் கல்வி அளித்து வருகின்றன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு கன்னியரும் நடத்திய பள்ளிகளில் சீனர், மலாய்க்காரர், தமிழர், யுரேசியர் எனப் பல இனப் பிள்ளைகள் பயின்றனர். சட்டத்தால் அமைந்த பிரிவினை இங்கு இருந்ததில்லை. ஆகவே நம் வினா கதவைப் பற்றியது அன்று. உள்ளே வந்தபின் நிகழ்வதைப் பற்றியது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவது, பெயர். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னே வரும். மலாய்ப் பெயரில் தந்தை பெயர் பின்னே வரும். படிவங்கள் இவற்றை ஒரே கட்டத்தில் அடைக்கின்றன. எப்பெயரால் அழைக்கவேண்டும், எப்படி ஒலிக்கவேண்டும் என்று மாணவரிடமே முதல் நாளில் கேட்டறிதல் நன்று. ‘ழ’கரம் சிதைவதால் வருந்தும் நாம், சீன மாணவரின் பெயரிலுள்ள தொனியைக் கற்க முயல்வதும் கடமை.

இரண்டாவது, கேலி. தோலின் நிறம், தலையில் வைத்த எண்ணெய், பேசும் தொனி ஆகியவற்றைப் பற்றிய நகைச்சுவை வகுப்பில் எழும்போது, பாதிக்கப்பட்ட மாணவரும் சேர்ந்து சிரிப்பதுண்டு. அச்சிரிப்பை உடன்பாடு என்று கொள்ளலாகாது. அவரைத் தனியே கண்டு, என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டபின் பேசுதல் முறை. கேலி செய்தவரிடம் பேசவேண்டியவர் அவருடைய நண்பரே. சீன மாணவரிடம் சீன மாணவரும், தமிழ் மாணவரிடம் தமிழ் மாணவரும் சொல்லும்போது செவியில் ஏறும். தமிழ் மாணவர் வங்காளதேசத் தொழிலாளியை இகழ்ந்து பேசினால், அங்கே அறத்தொடு நிற்கவேண்டியவர் பக்கத்து இருக்கைத் தமிழ் மாணவர்.

மூன்றாவது, மரியாதை விகுதி. பள்ளியைத் துப்புரவு செய்பவரையும், எதிரே கட்டடம் கட்டுபவரையும் தமிழ் வகுப்பில் ‘அவன்’, ‘அவள்’ என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. முதல்வரைக் குறிப்பிடும் ‘அர்’ விகுதி இவர்களுக்கும் உரியது. தொண்டுப் பணிக்காகத் தொழிலாளர் விடுதிக்குச் சென்று வந்த மாணவர் எழுதும் கட்டுரையில், அங்குக் கண்டவரின் பெயரும் அவர் சொன்ன சொல்லும் இடம்பெறுகின்றனவா, அல்லது ‘நாங்கள் உதவினோம்’ என்பது மட்டும் இருக்கிறதா என்று ஆசிரியர் பார்க்கலாம்.

நான்காவது, கணக்கு. மாணவர் தலைவர் பட்டியல், பெற்றோர் சங்கக் குழு, ஆண்டு மலரின் படங்கள், பள்ளி வரலாற்று நூல் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து வைத்து, யார் இல்லை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இல்லாதவர் ஏன் இல்லை என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும். நடன விருந்துக்கு அழைக்கப்படாத மாணவரைச் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பதிவேடு காட்டியிருக்காது.

நிறைவாக

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இவ்வகையில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. எல்லா மனிதரும் இறைச்சாயலில் படைக்கப்பட்டவர் என்பது அவற்றின் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கொண்டே ஹைத்தவுஸும் ரிட்டரும் தம் நிறுவனத்தைக் கேள்வி கேட்டனர். அதே நம்பிக்கையை ஓதிக்கொண்டே பிறர் மனிதரை விற்றனர். ஆதலால் நம்பிக்கை அறிக்கையைச் சுவரில் எழுதி வைப்பதோடு பள்ளியின் பணி முடிவதில்லை. பிற சமயத்து ஆசிரியர்க்கும் இதுவே பொருந்தும். ‘யாதும் ஊரே’ என்பதை முழக்கமாக்கிக்கொண்ட நமக்கும் பொருந்தும்.

இந்த வாரம் நீங்கள் எழுதும் அறிவிப்பு, சுற்றறிக்கை, கட்டுரை ஏதேனும் ஒன்றில் ‘நாம்’ என்ற சொல் வரும் இடத்தை அடிக்கோடிட்டு, அதற்குள் யார் யார் இருக்கின்றனர் என்று மாணவருடன் சேர்ந்து எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுபட்டவர் இருப்பின், அவரைச் சேர்க்க என்ன செய்யவேண்டும் என்பதை அடுத்த வகுப்பின் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.